மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வில்லை

என் அக்கா புருஷனுக்கு நாங்கள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் 'நூத்துக்கு நூறு' என்று பெயர். வைத்தவள் நான்தான். அது அவர் காதில் விழுந்த அன்று முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கப் போகிறது என்று ஆசையோடு காத்திருந்தேன். மனுஷர் பூரித்துப்போனார். அதற்குப் பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இங்க என்ன நூத்துக்கு நூறுன்னுதான் கூப்பிடுவாங்க" என்று அவரே தம்பட்டம் அடிக்க ஆரம்பித்துவிட்டார். கேலி செய்தால் அது கேலி என்று விளங்கவும் கொஞ்சம் மூளை வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் கூடத்துக்கு மண் வரும், கல் வரும், சாம்பல் வரும், உலைக் கசடு வரும். எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லி அனுப்புவோம். பின்கட்டில் அரைப்பது என் வேலை. கனமான எஃகுக் குடுவை ஒன்று. அதற்குள் ஒரு வளையமும் ஒரு குண்டும். மாதிரியைப் போட்டு மூடி, ஆட்டும் இயந்திரத்தில் மாட்டினால் இரண்டு நிமிடத்தில் முகப்பவுடர் மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் மெழுகுத் தூள் கலந்து, அழுத்தும் கருவியில் வைத்து அழுத்தி, உள்ளங்கையில் அடங்கும் வட்ட வில்லையாக எடுப்பேன். காதில் பஞ்சு, தலையில் துண்டு, புருவமெல்லாம் தூசி. அந்த வில்லையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்க் குளிரூட்டிய அறையில் இருக்கும் இயந்திரத்துக்குள் வைத்து மூடுவது அத்தானின் வேலை. அதற்கு வெள்ளைக் கோட்டு.

இயந்திரம் செய்வது சுலபமான காரியம். வில்லையின் மேல் எக்ஸ்ரேயைப் பாய்ச்சும். அடி வாங்கிய ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று உள்ள குரலில் கத்தும். இரும்பு ஒரு மாதிரி, சுண்ணாம்பு ஒரு மாதிரி, ஈயம் வேறு மாதிரி. யார் யார் கத்தினார்கள், எவ்வளவு சத்தமாகக் கத்தினார்கள் என்று கேட்டுக்கொண்டு கணக்குச் சொல்லும். சில லேசான தனிமங்களின் குரல் அதன் காதுக்கு எட்டாது. அதனால் எல்லாவற்றையும் கூட்டினால் தொண்ணூற்றேழு வரும், தொண்ணூற்றெட்டரை வரும். மிச்சம் எனக்குக் கேட்கவில்லை என்று இயந்திரமே ஒப்புக்கொள்வதற்குப் பெயர்தான் அது. அத்தானுக்கு அந்த ஒப்புதல் பிடிக்காது. திரையின் மூலையில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் இருப்பதை எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கி மொத்தத்தை நூறு ஆக்கிவிடும். இத்தனை வருஷத்தில் அவர் அதை அமுக்காமல் ஒரு காகிதம்கூட வெளியே போனதில்லை. பட்டப்பெயர் அங்கே பிறந்ததுதான்.

ஆள் எப்படி இப்படி ஆனார் என்று கேட்டால், பள்ளிக்கூடத்தில் கணக்கில் தொண்ணூற்றொன்பது வாங்கிக்கொண்டு வந்தபோது அவர் அப்பா, "அந்த ஒண்ணு எங்கடா?" என்று கேட்டாராம். அதை ஏதோ போர்க்களத்தில் பட்ட விழுப்புண் மாதிரி சாப்பாட்டு மேஜையில் மாதம் ஒருமுறை சொல்வார். முதல் தடவை கேட்டபோது எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அக்காவைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வாரமே அடுக்களையில் உள்ள அத்தனை டப்பாவிலும் பெயரும் தேதியும் எழுதி ஒட்டினார். உப்பு டப்பாவில் 'உப்பு' என்று எழுதி ஒட்டினால்தான் உப்பு என்று தெரியுமா என் அக்காவுக்கு? அவள் அதையும் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டாள். முட்டையை ஆறு நிமிடத்துக்கு மேல் அரை நிமிடம் வேகவிட்டாலும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "உங்க அக்காவுக்கு நேரம்னா என்னன்னு யாரும் சொல்லிக் கொடுக்கலயா?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார். நான் அவர்கள் வீட்டுப் பின்னறையில் ஒண்டியிருப்பவள். வேலையும் அவர் வாங்கிக் கொடுத்தது. பதில் சொல்ல மாட்டேன். அடுக்களைக்குப் போய் அக்காவிடம் அவரை மாதிரியே பேசிக் காட்டுவேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எங்கள் இரண்டு பேரின் வீரமும் அவ்வளவுதான்.

வீட்டில் அத்தான், கூடத்தில் சார். மாற்றிக் கூப்பிட்டால் அன்றைக்கு முழுதும் முகம் தொங்கிக்கொண்டிருக்கும்.

இயந்திரத்தை நிறுவ வந்தவர் மூன்று நாள் இருந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த மூன்று நாளில் அத்தான் கற்றதைவிட, கற்றதாகக் கொடுத்த சான்றிதழை மாட்டக் கண்ணாடிச் சட்டம் தேடி அலைந்த நேரம் அதிகம். வந்தவர் என்னிடமும் ஒரு விஷயம் சொன்னார். ஒரு மாதிரியை அரைத்தால் அதன் தூசி குடுவையின் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இயந்திரத்தின் காதுக்குத் தப்பாது. அதனால் ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் சுத்தமான வெள்ளை மணலைப் போட்டு அரைத்துக் கொட்ட வேண்டும். பிறகு இன்னொரு கை மணலை அரைத்து, வில்லை செய்து, இயந்திரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மணல் மட்டும் கத்தினால் குடுவை சுத்தம். வேறு ஏதாவது முனகினால் மறுபடி மணல். கேட்கச் சின்ன வேலைதான். ஆனால் அந்தக் கூடம் சொல்வதை எல்லாம் நம்பலாமா வேண்டாமா என்பது அந்த மணல் வில்லையில்தான் இருந்தது.

முதலில் ஒழுங்காகத்தான் செய்தோம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மணல் வில்லையில் துத்தநாகம் வந்தது. மறுபடி அரைத்தேன், மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவையும் வந்தது. அரை நாள் போய்விட்டது. அந்த மாதம்தான் மேலிடத்தில் எங்கள் கூடத்துக்குத் 'தரம் தவறாத ஆய்வுக்கூடம்' என்று ஒரு பலகை தருவதாகப் பேச்சு. மணல் சோதனைப் பதிவேட்டில் நூறு நாள் தொடர்ந்து 'சுத்தம்' என்று இருக்க வேண்டும். அத்தான் தொண்ணூற்றாறாவது நாளில் நின்றுகொண்டிருந்தார். பழைய தொண்ணூற்றொன்பது ஞாபகம் வந்திருக்கும். வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

நாலாவது தடவை வில்லை சுத்தமாக வந்தது. அதை வெளியே எடுத்தவர் குப்பையில் போடவில்லை. பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, பஞ்சு வைத்து, அதற்குள் வைத்து மூடினார்.

மறுநாள் நான் மணலை அள்ளும்போது பின்னால் வந்து நின்றார்.

"இனிமே மணல் வேண்டாம். தூரிகையால நல்லா தட்டித் துடைச்சா போதும்."

"அப்ப குடுவை சுத்தமா இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"அதான் வில்லை இருக்கே. இனி தினமும் அதையே வெச்சுப் பாத்துக்கறேன்."

"அது நேத்து செஞ்ச வில்லை. நேத்து குடுவை சுத்தமா இருந்துச்சுன்னுதானே சொல்லும், அத்தான்?"

"இங்க அத்தான் இல்ல. சார்."

பேச்சு அதோடு முடிந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, பெட்டியைத் திறந்து, அதே வில்லையை இயந்திரத்துக்குள் வைப்பார். இயந்திரம் மணல் என்று சொல்லும். பதிவேட்டில் 'சுத்தம்' என்று எழுதுவார். திரும்பவும் பெட்டிக்குள் வைத்து மூடுவார். நேற்று கழுவிய தட்டைக் காட்டி இன்று சாப்பிட்ட தட்டு சுத்தம் என்று சொல்லும் ஆளை வீட்டில் வைத்துக்கொள்வோமா? நாங்கள் கூடத்தில் வைத்திருந்தோம். பலகையும் வந்தது. வாசலில் மாட்டினார்கள். அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்.

நாலு வருஷம் ஓடியது. வருவதெல்லாம் பெரும்பாலும் கல்குவாரிக் கல்லும் செங்கல் மண்ணும். ஒன்றின் தூசி இன்னொன்றில் ஏறினாலும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நானும் தூரிகையால் தட்டித் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்கும்போதெல்லாம் அவரை மனசுக்குள் திட்டுவேன். விதவிதமாகத் திட்டுவேன். அது ஒரு நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

சூளைக்காரம்மா வந்தது இந்த வருஷம்தான். ஊர் ஓரத்தில் சின்னதாக ஒரு சூளை வைத்துப் பீங்கான் கிண்ணம் செய்கிற பெண். ஐம்பது வயதிருக்கும். நகக்கண்ணில் எப்போதும் களிமண். குழந்தைகள் பள்ளிக்கூடம் ஒன்று கிண்ணங்கள் கேட்டிருந்தது. கிண்ணத்தின் மேல் பூசும் பளபளப்புப் பூச்சில் ஈயம் இல்லை என்று சான்று வேண்டும் என்பது சட்டம். ஒரு டப்பாவில் பூச்சுத் தூளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "சீக்கிரம் கெடைக்குமாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்கு முன்னால் நான் அரைத்தது பழைய பேட்டரிகளை உருக்கும் பட்டறைச் சாம்பல். அதில் பாதிக்குப் பாதி ஈயம்தான். அரைத்து முடித்ததும் குடுவையைத் தூரிகையால் தட்டித் துடைத்தேன்.

அவள் பூச்சில் ஈயம் இருப்பதாகக் காகிதம் போனது. மொத்தம் நூறு சரியாக இருந்தது.

அடுத்த நாளே அதிகாரிகள் போய்ச் சூளைக் கதவுக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் அவள் அதே டப்பாவை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு எங்கள் வரவேற்பறை பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அத்தானைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் இரண்டு நாள் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏம்மா, எத்தன தடவ வந்தாலும் இதேதான். மெஷின் பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றேனா சார் பொய்? நாலு மூட்டையிலருந்து என் கையால கலக்குறது. ஈயம்ங்கற பொருளையே நான் உள்ள விட்டதில்ல."

"மூட்டைல என்ன இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்? கண்ணால பாத்தா தெரியுமா? அதுக்குத்தானே படிச்சவங்க இருக்கோம்."

"சூளைக்குள்ள முந்நூறு கிண்ணம் பாதி வெந்து கெடக்கு சார். இப்படியே ஆறிக் கெடந்தா எல்லாம் விரிசல் விட்டுப்போயிடும். பள்ளிக்கூடத்துல வேற ஆளப் பாக்கறோம்ங்கறாங்க. என் பொழப்பே அதுதான். திரும்ப ஒரு தடவ பாருங்க, என் கண் முன்னால பாருங்க."

"மனு எழுதிக் கொடு" என்றார். தன் உள்ளங்கையையே ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்தக் கையில் ஒரு நாளும் ஒரு பொட்டுத் தூசி பட்டதில்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது. பின்கட்டுக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவந்து அவளிடம் கொடுத்தேன்.

"குடிங்க. கவலப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க நல்லாருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்தாள். எனக்கு அன்று சாயங்காலம் வரைக்கும் மனசுக்கு நிறைவாக இருந்தது. இவரைப் போலில்லை நான் என்று நினைத்துக்கொண்டேன்.

மனு மேலிடம் போய், அங்கிருந்து ஒரு மேற்பார்வையாளர் வருவதற்கு முப்பத்தெட்டு நாள் ஆனது. அதிகம் பேசாத மனுஷர். ஒரு நாற்காலியில் அவரும் இன்னொன்றில் சூளைக்காரம்மாவும் இயந்திர அறையில் உட்கார்ந்தார்கள். அத்தான் அன்றைக்குப் புதுக் கோட்டு. முகத்தில் கல்யாண வீட்டுக் களை. நான் கதவோரம் நின்றேன்.

"முதல்ல குடுவை சுத்தமான்னு பாத்துக்குவோம் சார். அதுதான் எங்க கூடத்தோட முறை" என்று சொல்லி, மேஜை இழுப்பறையைத் திறந்து பெட்டியை எடுத்தார். அதற்குள்ளிருந்து வில்லையை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி விளக்குக்கு நேராகப் பிடித்தார். காட்டாமல் வைத்திருக்கலாம். காட்டாமல் இருந்தால் அவர் அவராக இருக்க முடியாதே.

"இது எப்ப செஞ்சதுங்க?" என்று கேட்டாள் சூளைக்காரம்மா.

"இன்னிக்குக் காலைல."

"இல்லயே சார்."

"என்னம்மா இல்ல?"

"தூள அழுத்திச் செய்றதுதானே இதுவும்? புதுசா அழுத்தி எடுத்தா ஓரம் கூரா நிக்கும். இது சுத்தி மழுங்கிப்போயிருக்கு. வெரல் வெச்ச எடத்துல எண்ணெ ஏறி மஞ்சளாயிருக்கு பாருங்க. இது ரொம்ப நாளா கைல பொழங்குன பொருள்."

முப்பது வருஷமாகக் களிமண்ணின் ஓரத்தைத் தடவிப் பார்த்தே பிழைத்தவள். படித்தவர்கள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு அது படவில்லை.

மேற்பார்வையாளர் வில்லையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்கதானே அரைக்கறது? இன்னிக்குக் காலைல மணல் அரைச்சீங்களா?"

அத்தான் என் பக்கம் திரும்பினார். அந்த அறையில் அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. "சொல்லும்மா" என்றார். சார் எங்கோ போய்விட்டார், அத்தான் மட்டும் நின்றார். அக்கா முகம் ஞாபகம் வந்தது. பின்னறையும் ஞாபகம் வந்தது.

"இல்ல சார், அரைக்கல" என்றேன்.

அப்புறம் நடந்ததற்கு ஒரு முழு நாள்கூட ஆகவில்லை. முந்தின நாள் சாயங்காலம் நான் அரைத்தது மறுபடியும் அதே பேட்டரிச் சாம்பல்; தூரிகையால் துடைத்த அதே குடுவை. மேற்பார்வையாளர் சொன்னபடி சுத்த மணலைப் போட்டு அரைத்து வில்லை செய்தேன். இயந்திரத்துக்குள் வைத்ததும் திரையில் ஈயம் கோபுரம் மாதிரி எழுந்து நின்றது. வெறும் மணலில். பிறகு நாலு தடவை மணல் அரைத்துக் கொட்டி, வில்லை சுத்தமாக வந்த பிறகு அவள் டப்பாவைத் திறந்து அரைத்தேன். ஈயம் இருக்க வேண்டிய இடத்தில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

பேயறைந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்த அத்தான் கடைசியில் வாயைத் திறந்து என்ன சொன்னார் தெரியுமா? "பாத்தீங்களா சார், மெஷின் பொய் சொல்லல." அந்த நிமிஷத்தில்கூட அவருக்கு அதுதான் வந்தது. மேற்பார்வையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும்தான்.

அவரை இயந்திர அறையிலிருந்து எடுத்து, மாதிரி வாங்கும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். வாசல் பலகையைக் கழற்றினார்கள். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு டப்பாக்களுக்குப் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுகிறார். அந்த வேலைக்கென்றே பிறந்தவர். வீட்டில் என்னோடு பேசுவதில்லை. அக்கா என்னைப் போகச் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து, திருத்திய காகிதத்தை வாங்கிக்கொள்ளச் சூளைக்காரம்மா வந்தாள். கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொன்னவள் நான்தானே? அவள் கையைப் பிடித்துக்கொண்டால் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்துவைத்திருந்தேன். காகிதத்தோடு ஒரு டம்ளர் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போய்ப் பெஞ்சில் அவள் பக்கத்தில் வைத்தேன்.

"சூளையத் தொறந்தாச்சா?"

"தொறந்தாச்சு. முந்நூறும் விரிசல் விட்டுப்போச்சு. அள்ளிக் கொட்டிட்டோம். பள்ளிக்கூடத்துக்காரங்க வேற எடத்துல வாங்கிட்டாங்க." காகிதத்தை எழுத்துக் கூட்டி முழுதும் படித்தாள். பிறகு, "அந்த வில்லைய எத்தன வருஷமா வெச்சிருந்தாரு?" என்று கேட்டாள்.

"நாலு வருஷமாங்க." எனக்கு மடை திறந்துவிட்டது. பெட்டியைப் பற்றிச் சொன்னேன், பொத்தானைப் பற்றிச் சொன்னேன், சான்றிதழ், பலகை, ஆறு நிமிட முட்டை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேசுகிற மாதிரியே பேசியும் காட்டினேன். அக்காவாக இருந்தால் இந்நேரம் முந்தானை வாய்க்குப் போயிருக்கும். இவள் சிரிக்கவில்லை. நான் முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அன்னிக்கு நான் இங்க உக்காந்திருந்தப்ப தண்ணி கொண்டாந்து கொடுத்தீங்களே" என்றாள். "அப்பவே உங்களுக்கு இது தெரியும்ல?"

எனக்குத் தெரிந்த அத்தனை பதிலும் அத்தானைப் பற்றியதாகவே இருந்தது. அவள் காகிதத்தை நாலாக மடித்துத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். பெஞ்சின் மேல் நான் வைத்த தண்ணீர் வைத்தபடியே இருந்தது.